நீதியான எதிர்காலத்தைப் புனைகதையில் எழுதுவது எப்படி?

சமத்துவம் நிலவும் எதிர்காலத்தைக் கதையாக எழுதினால் அது வெறும் ஆசைக் கனவாகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகிவிட வேண்டியதில்லை. 1905இல் வங்காளப் பெண் எழுத்தாளர் பேகம் ரொக்கையா எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ சிறுகதையில் பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள், சூரிய வெப்பத்தில் சமையல் நடக்கிறது, ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். வழக்கத்தை இப்படித் தலைகீழாக்கும்போது, இயற்கை என்று நம்பப்பட்டது மனிதர் வகுத்த ஏற்பாடே என்பது வாசகருக்குப் புலப்பட்டுவிடுகிறது.

எழுதும்போது, மாறியிருக்கும் ஒரே ஒரு விதியிலிருந்து தொடங்குங்கள்: நிலம் எவருக்கும் தனியுடைமை இல்லை என்றால், அங்கே வழக்கை யார் தீர்ப்பார், முதியவரை யார் பராமரிப்பார், கழிவை யார் அகற்றுவார்? கடைசிக் கேள்வியையே நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். அந்த வேலை யார் தலையில் விழுகிறது என்று சொல்லாத பொன்னுலகத்தை என்னால் நம்ப முடிவதில்லை. பூசலே இல்லாத சமூகத்தைக் காட்டாமல், பூசலை வன்முறையின்றித் தீர்க்க அவர்கள் படும் பாட்டை விரிவாக எழுதுங்கள்.