வலை ஈயமும் நெல்லிச் சாறும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவர் வாவியில் வீச்சு வலை வீசுபவர். பழைய பற்றரி ஈயத்தை முற்றத்தில் உருக்கி வலைக்குக் குண்டு வார்ப்பார். மகனுக்கு 3 வயது. தினமும் நெல்லிச் சாறு கொடுத்தால் ஈயம் உடம்பில் தங்காது என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, கல்லடி

பதில்: நெல்லி நல்லதுதான், சகோதரி. ஆனால் முதலில் ஈயம் உருக்கும் அந்த அடுப்பை நிறுத்துங்கள்.

ஈயம் நம் கலங்களைக் காக்கும் குளுட்டாதயோன் என்ற பொருளைப் பிடித்து முடக்குகிறது. அதனால் வரும் ஒட்சியேற்றச் சேதத்தை (துருப்பிடிப்பதுபோல் கலங்கள் கெடுவதை) நெல்லியின் விற்றமின் சி ஓரளவு தணிக்கும். ஆனால் எலும்பில் படிந்த ஈயத்தை அது வெளியே எடுக்காது. அங்கே ஈயம் பல ஆண்டுகள் கிடக்கும்.

சாப்பாடு உண்மையில் உதவுவது குடலில். விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உடல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை உறிஞ்சும். சிறு பிள்ளையின் உடல் பாதி வரை உறிஞ்சும். வெறும் வயிறென்றாலோ, இரும்பும் கல்சியமும் குறைந்தாலோ இன்னும் கூடும். எனவே மகனுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொடுங்கள். முருங்கையிலைச் சுண்டல், பருப்பு, முள்ளோடு நெத்தலி எல்லாம் சேரட்டும். தேசிக்காயைச் சுண்டல் இறக்கிய பிறகே பிழியுங்கள், சூட்டில் விற்றமின் சி அழியும். சாப்பாட்டோடு தேத்தண்ணி வேண்டாம், அது இரும்பு சேர்வதைத் தடுக்கும்.

இனி வார்த்த குண்டையே வாங்கச் சொல்லுங்கள். வீட்டில் பற்றரி உடைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்: ஈயத் தகட்டின் தூள் மண்ணில் கலக்கும், பிள்ளை கையை வாயில் வைக்கும். உருக்கும்போது மேலே மிதக்கும் கசடும் அப்படியே நஞ்சு. முற்றத்தில் ஏற்கெனவே உருக்கியிருந்தால் அந்த மேல்மண்ணை நனைத்து அகற்றி, பிள்ளை விளையாடாத இடத்தில் புதையுங்கள். வீட்டுத் தரையை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வலையும் தொழில் உடுப்பும் வீட்டுக்குள் வரக்கூடாது. வீசும்போது குண்டுக் கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடிக்கும் வழக்கத்தையும் கணவர் விடவேண்டும். கரைக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகே வெற்றிலையோ சோறோ.

மகனின் இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்க வைத்தியரிடம் கேளுங்கள். டெசிலீற்றருக்கு (100 மில்லிலீற்றர்) 5 மைக்ரோகிராமை எட்டினாலே ஈயம் எங்கிருந்து வருகிறதென்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 45ஐ எட்டினால் ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியேற்றும் மருந்து வேண்டும். அந்த நிலையில் கைவைத்தியத்தில் நாளைக் கடத்துவது ஆபத்து.

கேள்வி: நான் பற்றரிக் கடையில் வேலை செய்கிறேன். உள்ளி, மஞ்சள், விற்றமின் சி மாத்திரை ஈயத்துக்குப் பலன் தருமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: உள்ளிக்கு மனிதரில் செய்த சோதனை கொஞ்சமாவது உண்டு. ஈரானில் கார் பற்றரித் தொழிலாளருக்கு 4 வாரம் உள்ளி மாத்திரை கொடுத்தபோது இரத்த ஈயம் குறைந்தது. 2012இல் அது வெளியானது. அது ஒரேயொரு சிறிய சோதனை. கறிக்கு உள்ளியை நசுக்கி 10 நிமிடம் வைத்துப் பிறகு போடுங்கள், அப்போதுதான் உள்ளியின் வேலை செய்யும் பொருளான அலிசின் உண்டாகும். மஞ்சளைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளில் நடந்தவை. வங்காளதேசத்தில் நிறத்துக்காக மஞ்சளில் ஈயக் குரோமேற்று என்ற ஈயமுள்ள மஞ்சள் நிறப்பொருள் கலந்தது கண்டறியப்பட்டது. ஆகவே மிதமிஞ்சிப் பளிச்சிடும் தூளை வாங்காதீர்கள். விற்றமின் சிக்கு நாளுக்கு ஒரு கொய்யாப்பழம் போதும். 2 கிராமுக்கு மேல் மாத்திரை எடுத்தால் வயிற்றோட்டம் வரலாம், சிறுநீரகக் கல்லுக்கும் இடமுண்டு. புகைப்பவரானால் விட்டுவிடுங்கள், ஒவ்வொரு சிகரெட்டோடும் கட்மியம் என்ற நச்சு உலோகம் உள்ளே போகிறது, சிறுநீரகத்தில் அது பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டு எடுக்கும்.

கேள்வி: மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள். பால் ஊற சுறா கொடுக்கலாமா? புளி விட்டால் நஞ்சு முறியுமா?
– வாசகி, கல்முனை

பதில்: முறியாது. மீனில் சேரும் பாதரச நஞ்சான மெதைல் மேர்க்குரி தசையோடு பிணைந்திருப்பதால் புளியாலோ கழுவுவதாலோ போகாது. மீன் பெரிதாகவும் முதிர்ந்ததாகவும் இருந்தால் அது கூடுதலாக இருக்கும். எனவே பெரிய சுறா வேண்டாம். சாளை, கீரி, நெத்தலி கொடுங்கள், செலெனியம் என்ற கனிமச்சத்தும் கிடைக்கும். அடுத்த கர்ப்பத்துக்குச் சில மாதங்கள் முன்பே பெரிய சுறாவை நிறுத்துவது இன்னும் முக்கியம்: உடலில் மெதைல் மேர்க்குரி பாதியாகக் குறையவே ஏறத்தாழ 50 நாள் எடுக்கும், சிசுவுக்கு அது தாய்ப்பாலைவிடக் கருப்பையிலேயே கூடுதலாகப் போய்ச் சேரும்.