ஜெர்மன் ஹெல்மெட் போட்ட சீன வீரர்கள்

பள்ளிக் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்த, 1937 சீன-ஜப்பான் போரில் ஷாங்காயில் எடுத்த படத்தில் சீன வீரர்கள் ஜெர்மன் ஹெல்மெட் போட்டிருக்கிறார்களே, படம் போலியோ என்று கேட்டிருந்தீர்கள். ஹெல்மெட்டை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம். அங்கே போரிட்ட சீனப் படையின் 36, 87, 88ஆம் டிவிஷன்களுக்குப் (பெரும் படைப்பிரிவுகள்) பயிற்சி கொடுத்தவர்களே ஜெர்மன் ஆலோசகர்கள்தான். ஹெல்மெட்டும் ஜெர்மனியிலிருந்தே வந்தது. படத்தைப் பெரிதாக்கி ஹெல்மெட்டின் இடப்பக்கம் பாருங்கள், அன்றைய சீன அரசின் சின்னமான, பன்னிரண்டு கதிர் கொண்ட வெள்ளைச் சூரியன் தெரிகிறதா? கையில் இருப்பது பெரும்பாலும் 7.92 மி.மீ. மவுசர் என்ற ஜெர்மன் வகைத் துப்பாக்கி. ஜப்பானியரிடம் இருந்தது 6.5 மி.மீ. அரிசாகா துப்பாக்கி.

அப்புறம், சீனப் படை முழுக்க இப்படித்தான் இருந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பெரும்பாலானோர் தலையில் வெறும் துணித்தொப்பிதான். பார்த்துப் பார்த்து வளர்த்த அந்த டிவிஷன்களும் ஷாங்காயில் மூன்றே மாதத்தில் சிதைந்துபோயின. அதையும் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள்.