வேட்டிக்கு ஸ்னீக்கர்

அன்புள்ள ஐயா,

வரும் தை மாதம் எனக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டி, சாயங்கால வரவேற்புக்குக் குர்தா. இரண்டுக்கும் ஒரே வெள்ளை ஸ்னீக்கரைப் போட நினைக்கிறேன். "வேட்டிக்கு கான்வாஸ் ஷூவா? பி.டி. வாத்தியார் மாதிரி இருக்கும்" என்கிறார் அப்பா. நண்பர்கள் போடச் சொல்கிறார்கள். இது மரபுக்கு விரோதமா?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

வாழ்த்துகள். மரபை இதில் இழுக்க வேண்டாம். நூறு வருஷத்துக்கு முந்தைய மெட்ராஸ் வக்கீல்களின் படங்களைப் பாருங்கள்: பஞ்சகச்சம், மேலே கோட்டு, தலைப்பாகை, காலில் பூட்ஸ். தாத்தாக்களே போட்டுப் பார்த்துவிட்டார்கள். வேட்டி கட்டிய உயர் நீதிமன்ற நீதிபதியையே சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடாமல் போய், வேட்டி கட்டியவரைத் தடுக்கக் கூடாதென்று 2014-ல் தனிச் சட்டமே வந்தது. வேட்டிக்கே அந்தப் பாடு, ஷூ எம்மாத்திரம்!

குர்தாவுக்குத் தாராளமாகப் போடுங்கள். கீழே பைஜாமா தொளதொளவென்று இல்லாமல் கணுக்காலோடு நின்றால் போதும்.

வேட்டிக்குத்தான் யோசிக்க வேண்டும். நம் கல்யாணத்தில் காலணியைப் போட்டிருக்கும் நேரத்தைவிடக் கழற்றும் நேரம்தான் அதிகம். மணமேடை, பாதபூஜை, கோயில், பெரியவர்கள் காலில் விழுவது, எல்லாவற்றுக்கும் கழற்றியாக வேண்டும். சித்தி மகன் கல்யாணத்தில் நானும் இதே வேலையைச் செய்தேன். மேடையிலிருந்து இறங்கி வந்து லேஸ் கட்டக் குனிந்தேன். ஒரு கை வேட்டி நுனியைப் பிடித்திருந்தது. ஒற்றைக் கையால் முடிச்சு விழுமா? அந்தக் கையையும் கீழே கொண்டுபோனதும் இடுப்புச் செருகல் நெகிழ்ந்தது, அங்கவஸ்திரம் சரிந்து ஷூவுக்குள்ளேயே விழுந்தது. "பார்த்துடா" என்றார் பின்னாலிருந்து பெரியப்பா. மறுபடி குனியப் பயந்து சாக்ஸோடே பந்திக்குப் போனேன். கைகழுவும் இடத்து ஈரமெல்லாம் சாக்ஸில் ஏறி, சாயங்காலம் வரை சதசதவென்று இருந்தது.

இன்னொன்று, கடைக்காரர் சொல்லமாட்டார். பட்டு வேட்டி பெரும்பாலும் பளீர் வெள்ளையாக இருக்காது. சந்தன நிறத்தில் இருக்கும். பக்கத்தில் பால் வெள்ளை ஸ்னீக்கர் வந்தால், பட்டு பழுப்பேறிய மாதிரி தெரியும். போட்டோவில் இன்னும் மோசம். அதனால் ஷூவும் சந்தன நிறத்திலோ வெளிர் பழுப்பிலோ இருக்கட்டும். அடிப்பாகம் தடியாக வேண்டாம், கரை அதில் மாட்டும். சாக்ஸ் வெளியே தெரியவே கூடாது. லேஸ் இல்லாமல் அப்படியே காலை நுழைக்கிற வகை கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அப்புறம், ஷூவோடு வேட்டியை மடித்துக் கட்டாதீர்கள். அப்போது அப்பா சொன்ன பி.டி. வாத்தியார்தான்.

என்னைக் கேட்டால் முகூர்த்தத்துக்குச் செருப்பு, வரவேற்புக்கு ஸ்னீக்கர். ஆசை விடவில்லை, உங்கள் வீட்டில் காசி யாத்திரைச் சடங்கும் உண்டு என்றால், குடை, விசிறி, கைத்தடியோடு கிளம்பும்போது ஸ்னீக்கரை மாட்டிக்கொள்ளுங்கள். காசிக்கு நடக்கிறவனுக்கு அதுதானே சரி! ஆனால் நாலு எட்டு வைப்பதற்குள் மாமனார் வந்து திரும்பக் கூப்பிட்டுவிடுவார், லேஸை இறுக்கிக் கட்டாதீர்கள்.