ஓசூரில் வரையும் பிராக்கெட், ஜெர்மனியில் இருக்கும் கோப்பு: கஸ்டமரின் கிளவுடுக்குள் நுழையலாமா?

கேள்வி: ஓசூரில் பன்னிரண்டு பொறியாளர்களுடன் ஒரு சிறிய வடிவமைப்பு நிறுவனம் நடத்துகிறேன். பம்பர், டேஷ்போர்டு ஆகியவற்றுக்கான பிளாஸ்டிக் பிராக்கெட்டுகளை, அதாவது பாகங்களைத் தாங்கிப் பிடிக்கும் பிடிமானங்களை, எங்கள் கணினிகளில் வரைந்து, ஜிப் கோப்பாக அனுப்பிவருகிறோம். இப்போது ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு கஸ்டமர், தானே ஓடும் வசதி கொண்ட மின்சாரக் காருக்கான முன்பக்க ரேடார், கேமரா பிராக்கெட் வேலையைத் தர முன்வந்திருக்கிறார். ஆனால் வேலை முழுவதும் அவர்களுடைய கிளவுட் தளத்திலேயே நடக்க வேண்டும் என்கிறார். எங்கள் தொழில்நுட்பம் அவர்கள் கைக்குப் போய்விடாதா? இங்குள்ள இணைய இணைப்பு தாங்குமா? காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ்கள் என்னவாகும்?

பதில்: வேலையை ஏற்றுக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. ஆனால் தங்கள் மூன்று கேள்விகளும் கோப்பு எந்த ஊர் சர்வரில் இருக்கிறது என்பதைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. உண்மையில் கவனிக்க வேண்டியது, அந்தக் கோப்பை யார் திறக்கலாம், யார் திருத்தலாம், எந்த நிலையில் அது மற்றவர்களுக்குப் பயன்பாட்டுக்கு வருகிறது என்பதைத்தான். இவை மூன்றும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தால் சர்வர் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்தாலும் கவலையில்லை. தெளிவாக இல்லையென்றால் அது தங்கள் மேசைக்கு அடியிலேயே இருந்தாலும் பயனில்லை.

கஸ்டமர் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார் என்பதைத் தங்கள் பிராக்கெட்டையே வைத்துப் பார்ப்போம். முன்பக்க ரேடார் பெரும்பாலும் 76 முதல் 81 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குகிறது. பிராக்கெட்டின் கோணம் ஒரு டிகிரி பிசகினால், 100 மீட்டர் தொலைவில் அந்தப் பிசகு ஏறத்தாழ 1.75 மீட்டராகிவிடும். அதாவது பக்கத்துத் தடத்தில் செல்லும் லாரி நம் தடத்தில் செல்வதாகக் காருக்குத் தோன்றக்கூடும். தயாரிப்புக்குப் பிறகு ரேடாரை அளவுதிருத்தம் செய்வார்கள் என்பது உண்மையே. ஆயினும் அந்தத் திருத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு; வெயிலில் பிளாஸ்டிக் நெகிழ்ந்து, குளிரில் சுருங்கி, குண்டும் குழியுமான சாலையில் ஆண்டுக்கணக்கில் அதிர்ந்த பிறகும் கோணம் அந்த எல்லைக்குள் நிற்க வேண்டும். ரேடாருக்கு முன்னால் பம்பரின் தோலும் இருக்கிறது. அந்த அலையின் நீளம் காற்றில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்தான். பிளாஸ்டிக்குக்குள் அது இன்னும் குறைகிறது. ஆகையால் பம்பரின் தடிமனில் மில்லிமீட்டரின் பத்தில் சில பங்கு மாறினாலும், பெயின்ட் பிரிவினர் உலோகத் துகள் கலந்த புதிய நிறம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாலும், ரேடாருக்குத் திரும்பி வரும் சமிக்ஞை மாறிவிடும்.

முன்பெல்லாம் பிராக்கெட் என்றால் பிராக்கெட் வரைபவருக்கும் பம்பர் வரைபவருக்கும் இடையிலான பேச்சோடு முடிந்துவிடும். இப்போது ரேடார் தயாரிப்பவர், கம்பிவடம் வரைபவர், பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுப்பாதையை வகுப்பவர், பெயின்ட் பிரிவினர், மோதல் சோதனைக் குழுவினர், ஓட்டும் மென்பொருளை எழுதுபவர் என எல்லோரும் அதே இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். மென்பொருள் குழுவினர் ஓசூரில் வரையப்பட்ட பிராக்கெட்டில் ரேடார் அமரும் இடத்தையும் கோணத்தையும் அப்படியே எடுத்து, நிறுத்தியிருக்கும் வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை சாலைக்கு ஓடி வருவது போன்ற ஆயிரக்கணக்கான சூழல்களைக் கிளவுடில் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். தாங்கள் பிராக்கெட்டை 20 மில்லிமீட்டர் கீழே இறக்கிவிட்டு, அதை வெள்ளிக்கிழமை ஜிப் கோப்பில் அனுப்பினால், அதுவரை அவர்கள் ஓட்டிய கணக்கெல்லாம் இல்லாத ஒரு காருக்கான கணக்காகிவிடும்.

கோப்புகளைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு வேலை செய்தால் என்னவாகும் என்பதற்கு விமானத் துறையில் ஒரு பெயர்பெற்ற உதாரணம் உண்டு. ஏர்பஸ் ஏ380 விமானத்தில் 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மின்கம்பிகள் ஓடுகின்றன. ஹாம்பர்க்கில் இருந்த குழுவினர் கேட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளின் நான்காம் தலைமுறையிலும், துலூஸில் இருந்தவர்கள் ஐந்தாம் தலைமுறையிலும் வரைந்தார்கள். ஒரு பக்கத்து மாற்றம் மறுபக்கத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. விமானத்தின் உடலுக்குள் கம்பிவடங்களைப் பொருத்தப் போனபோது அவை நீளம் போதாமல் நின்றன. 2006-இல் வெளியே தெரிந்த இந்தச் சிக்கலால் விமானத்தை ஒப்படைப்பது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போனது. இரு தரப்பிலும் தேர்ந்த பொறியாளர்களே இருந்தார்கள். இரு தரப்பும் பார்த்த கணினி மாடல்தான் ஒன்றாக இருக்கவில்லை.

நானும் இதில் சூடுபட்டவன்தான். வெகுகாலத்துக்கு முன் நான் பணியாற்றிய ஓர் இடத்தில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் புதியது’ என்று மூன்று கோப்புகள் ஒரே போல்டரில் கிடந்தன. மோல்டு வெட்டுபவர் கையில் கிடைத்ததை எடுத்து வெட்டிவிட்டார். துளை மூன்று மில்லிமீட்டர் தள்ளி விழுந்தது. அதை அடைத்து, வெல்டு செய்து, மறுபடி வெட்டிய பிறகும், யார் மேல் தவறு என்ற வாக்குவாதம் மட்டும் பல மாதங்கள் ஓயவில்லை.

அடுத்து, தங்கள் தொழில்நுட்பம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இந்தப் பயம் நியாயமானது. மாடலை அதன் முழு வரலாற்றோடு, அதாவது எந்த ஸ்கெட்ச்சிலிருந்து எந்த அம்சம் பிறந்தது, எந்த அளவு எந்தச் சூத்திரத்தால் கட்டுப்படுகிறது என்ற மரத்தோடு ஏற்றும்போது, தங்கள் சிந்தனை முறையும் சேர்ந்தே போகிறது. அதே மாடலை ஸ்டெப் ஏபி242 என்ற பொதுக் கோப்பு வடிவில் ஏற்றினால், வடிவமும் டாலரன்ஸ் குறிப்புகளும் (எந்த அளவு எவ்வளவு பிசகலாம் என்ற குறிப்புகள்) போகும். அந்த மரம் போகாது. ஆகவே, எந்தக் கட்டத்தில் எந்த வடிவத்தில் தர வேண்டும் என்பதை வேலை தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான கார் நிறுவனங்கள் வரலாற்றோடு கூடிய மாடலைத்தான் கேட்கும். அப்படிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள் என்றே சொல்வேன். ஒரு பிராக்கெட்டின் மாடலில் இருப்பது அந்த பிராக்கெட் மட்டுமே. பிராக்கெட்டை வலுப்படுத்தும் விலாவின் தடிமனை எந்தக் கணக்கில் தேர்ந்தெடுக்கிறீர்கள், எந்தப் பிளாஸ்டிக் எவ்வளவு சுருங்கும் என்று பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த பட்டியல், தாங்களே எழுதிய மேக்ரோக்கள் என்ற சிறு நிரல்கள், டெம்ப்ளேட்டுகள் என்ற முன்மாதிரிக் கோப்புகள் ஆகியவையே தங்கள் உண்மையான சொத்து. அவை கஸ்டமரின் தளத்துக்குள் ஒரு நாளும் போகக் கூடாது. அவசரத்தில் ஒரு பொறியாளர் டெம்ப்ளேட்டையே மாடலோடு சேர்த்து ஏற்றிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் கசிவு; திருட்டு என்று நாம் அஞ்சுவதெல்லாம் அதற்குப் பிறகே வரும்.

ஒப்பந்தத்தில் ஒரு பத்தியை மட்டும் வழக்கறிஞரோடு உட்கார்ந்து படியுங்கள். இந்தத் திட்டத்துக்கு முன்பே தங்களிடம் இருந்த அறிவுச்சொத்து தங்களுடையதாகவே நீடிக்கும், இந்தத் திட்டத்துக்காகப் புதிதாக உருவானது மட்டுமே கஸ்டமருடையது என்று அது பிரித்துச் சொல்ல வேண்டும். ‘தளத்தில் ஏற்றப்படும் அனைத்தும்’ என்ற சொற்றொடர் கண்ணில் பட்டால் கையெழுத்திடாமல் திருத்தம் கேளுங்கள். தங்கள் மாடலை வேறொரு சப்ளையருக்கு, அதாவது தங்கள் போட்டியாளருக்கு, திறந்துகாட்டும் உரிமை யாருக்கு உண்டு என்பதையும் அதே இடத்தில் கேட்டுவிடலாம். ரேடார் நிறுவனங்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்பதைப் பார்த்தால் தங்களுக்குத் தைரியம் வரும். அவை தம் கருவியின் உள் விவரத்தை யாருக்கும் தருவதில்லை. 2010-இல் முதல் பதிப்பு வெளிவந்த எஃப்.எம்.ஐ. என்ற பொதுத் தரத்தின்படி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாத, ஆனால் இயக்கிப் பார்க்கக்கூடிய ஒரு மூடிய மாடலாகத் தரும் வழி இருக்கிறது. பெரிய நிறுவனங்களே இப்படி வேலி போட்டுக்கொள்ளும்போது, தாங்கள் கேட்பதில் தவறேதும் இல்லை.

பாதுகாப்பில் கேள்வி தங்கள் பக்கமும் திரும்பும். 2022 மார்ச் 1 அன்று, டொயோட்டா ஜப்பானில் உள்ள தன் 14 தொழிற்சாலைகளையும் ஒரு நாள் முழுக்க நிறுத்தியது. காரணம், அதற்குப் பிளாஸ்டிக் பாகங்கள் தரும் ஒரு சப்ளையரின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளானதுதான். ஏறத்தாழ 13,000 கார்களின் உற்பத்தி அன்று தடைப்பட்டது. மேலும், ஐக்கிய நாடுகள் அவையின் கீழ் வரும் ஆர்155 விதி, காரின் இணையப் பாதுகாப்பில் சப்ளையர்களால் வரும் ஆபத்தையும் கார் தயாரிப்பாளரே கண்காணிக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாவற்றுக்கும் இது கட்டாயம். ஆகவே ஜெர்மன் கஸ்டமர் தங்களிடம் டைசாக்ஸ் என்ற தகவல் பாதுகாப்பு மதிப்பீட்டைக் கேட்கக்கூடும். அது ஜெர்மன் வாகனத் துறைச் சங்கத்தின் கேள்விப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டது; ஒரு முறை தேறினால் மூன்று ஆண்டுகள் செல்லும். கதவுக்குப் பூட்டு, வருகையாளர் பதிவேடு, பென் டிரைவ் தடை, இருபடிச் சரிபார்ப்புடன் உள்நுழைவு என்று அதில் பாதிக்கு மேல் எளிய ஒழுங்குகளே. செலவுதான் சற்று உறுத்தும். அதை விலைப்புள்ளியில் சேர்த்துவிடுங்கள்.

இணைய இணைப்பு தாங்குமா என்பது, அந்தத் தளம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. வரையும் மென்பொருள் தங்கள் கணினியில் இருந்து, தரவு மட்டும் கிளவுடில் இருப்பது ஒரு வகை. இதில் பதிவேற்ற வேகமே முக்கியம்: 2 ஜி.பி. அளவுள்ள அசெம்பிளியை (பல பாகங்கள் சேர்ந்த மாடலை) விநாடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் ஏற்றப் பதின்மூன்று நிமிடங்களுக்கு மேல் ஆகும். 100 மெகாபிட் என்றால் மூன்று நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். பதிவிறக்க வேகத்தை மட்டும் பெரிதாக விளம்பரம் செய்யும் திட்டங்களில் ஏமாறாமல், இரு திசையிலும் ஒரே வேகம் தரும் லீஸ்டு லைனை வாங்குங்கள். உலாவியிலேயே வரையும் ஆன்ஷேப் போன்றவை இரண்டாம் வகை. இவற்றுக்கு இவ்வளவு வேகம் தேவைப்படாது. மூன்றாம் வகையில் கணினி முழுவதும் அங்கே இருக்க, அதன் திரை மட்டும் இங்கே வந்து விழும். இதில்தான் தொலைவு பழிவாங்கும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஓசூருக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் இடையே ஏறத்தாழ 7,500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், போய்த் திரும்பக் குறைந்தது 75 மில்லிவிநாடி ஆகும். கடலடிக் கேபிள் வளைந்து செல்வதால் நடைமுறையில் இன்னும் கூடும். மவுஸை நகர்த்திய பிறகு பாகம் திரும்பும் அந்தத் தாமதத்தோடு எட்டு மணி நேரம் வரைந்தால் மாலையில் தலைவலிதான் மிஞ்சும். அத்தகைய தளமாக இருந்தால், மும்பை, புனே, ஹைதராபாத், சென்னை போன்ற இந்திய மையங்களில் ஒன்றில் இடம் ஒதுக்கித் தரும்படி கேளுங்கள். எந்த வகையானாலும், வேறு நிறுவனத்திடமிருந்து, வேறு பாதையில் வரும் இரண்டாவது இணைப்பு ஒன்று இருக்கட்டும். சாலை அகலப்படுத்தும் பொக்லைன் ஒரே குழியில் இரண்டு கேபிளையும் அறுத்துவிடும் ஊர் நம்முடையது.

தங்கள் பழைய லைசென்ஸ்கள் மற்ற கஸ்டமர்களின் வேலைக்குப் பயன்படும். இந்த வேலைக்குப் பெரும்பாலும் உதவமாட்டா. இரண்டு ஷிஃப்டுகளுக்கு ஒரே லைசென்ஸை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நம் பக்கத்தில் பரவலான வழக்கம். கிளவுட் தளங்களில் பெரும்பாலும் லைசென்ஸ் ஆளின் பெயரில் வரும். கடவுச்சொல்லைப் பகிர்ந்தால், ஒருவர் செய்த மாற்றம் இன்னொருவர் பெயரில் பதிவாகி, ஒப்பந்த மீறலாகவும் முடியும். எனவே இந்தத் திட்டத்துக்கு எத்தனை பேர் என்பதைக் கணக்கிட்டு, அந்தக் கட்டணத்தை யார் செலுத்துவது என்பதை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

வேலை தொடங்கிய பிறகு பொறியாளர்களைப் பழக்க வேண்டியது முக்கியமாக ஒன்றே. திருத்துவதற்காக ஒரு பாகத்தைச் செக்-அவுட் செய்தால், அதாவது தன் பெயரில் எடுத்துக்கொண்டால், செக்-இன் செய்து திருப்பி வைக்கும் வரை மற்றவர்களால் அதைத் திருத்த முடியாது. குளிர்காலத்தில் ஜெர்மனி நமக்கு நான்கரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. தங்கள் பொறியாளர் மாலை ஆறரைக்குச் செக்-இன் செய்யாமல் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால், அங்கே பிற்பகல் இரண்டு மணிக்கு மீதி நாள் முழுவதும் ஒருவர் கைகட்டி உட்கார்ந்திருப்பார். அரைகுறையாக இருந்தாலும் ‘வேலையில் உள்ளது’ என்ற நிலையிலேயே செக்-இன் செய்துவிட்டுப் போவதே நல்லது; ‘ரிலீஸ்’ செய்தால்தான், அதாவது இறுதி வடிவமாக வெளியிட்டால்தான், அது மற்றவர்களைக் கட்டுப்படுத்தும். யார், எதை, எப்போது செய்தார் என்று தளம் பதிவுசெய்துகொண்டே இருக்கும். சிறிய சப்ளையருக்கு இது கண்காணிப்பு என்பதைவிடப் பாதுகாப்பு என்றே கருதுகிறேன், ஏனெனில் தாமதம் யாரால் நேர்ந்தது என்ற பேச்சு வரும்போது பெரியவர் வாய்ச்சொல்லே எடுபடும் நிலை இதனால் மாறுகிறது. நேரம் உலகப் பொது நேரத்தில் பதிவாகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓசூரில் சனிக்கிழமை அதிகாலை ஒரு மணிக்கு ஏற்றியது, அப்படிப் பதிவானால் வெள்ளிக்கிழமை இரவு ஏழரை என்று காட்டும்.

திட்டம் முடிந்ததும் தங்கள் கணக்கு மூடப்படும். சில இடங்களில் அன்று மாலையே மூடிவிடுவார்கள். காரோ பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடும், பிராக்கெட் பற்றிய கேள்வி அப்போதும் வரலாம். ஆகவே ஒவ்வொரு ரிலீஸுக்கும் மூல மாடல், ஸ்டெப் கோப்பு, பி.டி.எஃப். வரைபடம், ஒப்புதல் பதிவு ஆகியவற்றின் பிரதியைத் தங்களிடம் வைத்துக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்கி, ஆண்டுக்கு ஒரு முறையாவது அவற்றுள் ஒன்றைத் திறந்து, திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.