ரயில், பஸ் படங்களைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிப்பது வீண் வேலையா?

‘இது சோறு போடுமா?’ என்று வீட்டில் யாரோ கேட்டிருப்பார்கள், அதனால்தான் இங்கே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என்னையும் கேட்டார்கள்.

நான் செங்கோட்டைக்காரன். அத்தையைக் கேரளத்துப் புனலூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அவளிடம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் உண்டு. மறுவீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகும்போது, மீட்டர் கேஜ் (பழைய குறுகிய பாதை) ரயில் வண்டி ஏதோ ஒரு ஸ்டேஷனில் வெகுநேரம் நிற்க, கீழே இறங்கி எடுத்தது. மாமாவும் அத்தையும் சேர்ந்து சிரிக்கிற ஒரே படம். இடப்பாளையம் என்பாள் அத்தை. பகவதிபுரம் என்பார் மாமா. மாமா போன பிறகு ஒருநாள் அதை என் கையில் கொடுத்து, “நீதான் இதெல்லாம் பாக்கியே, எந்த இடம்னு சொல்லுல” என்றாள்.

பகவதிபுரம் தமிழ்நாட்டில், இடப்பாளையம் கேரளத்தில். இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவில்தான் மாநில எல்லையும் ஆரியங்காவு ரயில் குகையும். இரண்டிலுமே பின்னால் காடும் மலையும்தான். உச்சிவெயில் நிழல் வடக்கே விழும் என்ற பொது விதியை வைத்து, மலை எந்தத் திசை என்று கணக்குப் போட்டு, பகவதிபுரம் என்று சொல்லிவிட்டேன். அது தப்பு. எங்கள் ஊர் சுமார் 9 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். அத்தை கல்யாணம் வைகாசியில். நிழலை நம்புகிறவர்கள் மாதத்தை முதலில் கேளுங்கள்.

பெயர்ப்பலகை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. பிரேம் போட்ட கடைக்காரர் அளவுக்கு வரவில்லை என்று ஓரத்தை வெட்டிவிட்டார். பின்பக்கம் தேதி எழுதியிருந்ததாம், அதன் மேல் பசையைத் தடவி அட்டையில் ஒட்டியும் விட்டார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? அடுத்தவர் படத்தில் கத்தி வைக்க எப்படித்தான் மனசு வருகிறதோ.

மிச்சம் இருந்தது மேல் வரியின் கடைசித் துணுக்கு மட்டும். ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் ஒரு சின்ன வட்டம். ‘ம்’மின் புள்ளி என்றே முதலில் எடுத்துக்கொண்டேன். ஆனால் புள்ளி எழுத்தின் தலைக்கு மேலே நிற்கும். இது கீழே, மற்ற எழுத்துகளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தது. மலையாளத்தில் சொல்லின் கடைசியில் வரும் ‘ம்’முக்கு இப்படி ஒரு வட்டம்தான் போடுவார்கள். பெயர் இரண்டும் ‘ம்’மில் முடிகிறது. ஆனால் பலகையின் மேல் வரி தமிழ்நாட்டில் தமிழ், கேரளத்தில் மலையாளம். அத்தை சொன்னதுதான் சரி.

இந்த எழுத்தை எனக்குக் காட்டிக்கொடுத்தது தாத்தா. 1956 நவம்பர் 1-க்கு முன்பு செங்கோட்டை திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது, அவர் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர். இதற்காகவே திருநெல்வேலிப் பக்கம் எங்களை மலையாளத்தான் என்கிறார்கள். கொல்லம் போனால் பாண்டி, அதாவது தமிழன் என்ற கேலி. இரண்டையும் கேட்டு வளர்ந்தவன் நான், இன்றைக்கும் அந்தப் பேச்சு வலிக்கிறது.

பஸ் படங்களும் பார்ப்பேன். நம்பர் பிளேட்டில் கேஎல் 15 என்று இருந்தால் கேரள அரசு பஸ் என்று தெரியும், ஊர் தெரியாது. அவர்களின் எல்லா டிப்போவுக்கும் அதே 15தான். டிஎன் 76 என்றால் தென்காசிப் பதிவு.

அடுத்தவர் வீட்டைத் துப்பறிகிற வேலை என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வீடு, குழந்தை, தனி ஆள் இருக்கிற படத்தை, உரியவர் கேட்காமல் நான் தொடுவதில்லை. நீங்களும் தொடாதீர்கள்.

2010-ல் அந்த மீட்டர் கேஜ் பாதையை மூடினார்கள். அகலப்பாதையாகி 2018-ல் வண்டி ஓடத் தொடங்கிய பிறகு அத்தையைக் காரில் இடப்பாளையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மலைக்கு முதுகைக் காட்டி நின்றாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, “மாமா இந்தப் பக்கம்லா நின்னாவ” என்று ஓர் ஆள் நிற்கிற அளவு தள்ளி நின்றுகொண்டாள். அப்படியே எடுத்தேன். இந்தத் தடவை பலகை முழுசாக விழுந்திருக்கிறது.