வாஷிங்டனில் அரசுக்காகப் பேசுவது யார்?

வணக்கம். கிளிநொச்சியில் உங்கள் காணாமல் ஆக்கப்பட்டோர் சங்கத்துக்காக, இலங்கை அரசு அமெரிக்காவில் தனக்கு ஆதரவு திரட்ட எந்த லாபி நிறுவனத்தை அமர்த்தியது, எவ்வளவு கொடுத்தது என்று கேட்டிருந்தீர்கள். தேடியும் ஒன்றும் வரவில்லை என்றீர்கள்.

வெளிநாட்டு அரசுகளுக்காக வேலை செய்வோர் பதியவேண்டிய, அமெரிக்க நீதித் திணைக்களத்தின் ஃபாரா (FARA) இணையப் பதிவேட்டில் முடிந்துபோன பதிவுகளையும் சேர்த்துத் தேடுங்கள். அநேகம்பேர் நடப்பில் உள்ளதை மட்டும் பார்த்துவிட்டு விடுகிறார்கள். ஒப்பந்தம் தூதரகத்தின் பெயரிலோ மத்திய வங்கியின் பெயரிலோ இருக்கலாம். ஒப்பந்தப் பிரதி ‘பி’ இணைப்பில் (Exhibit B) இருக்கும். யாரைச் சந்தித்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்பது ஆறு மாத அறிக்கையில்தான் வரும், அதை விடாதீர்கள்.

பதிவேட்டை முழுசாக நம்பவும் வேண்டாம். 2014இல் லாபி வேலைக்கென இலங்கையிடம் 65 இலட்சம் டொலர் வாங்கிய அமெரிக்கர் இமாத் சுபேரி அதில் பொய்யான விபரம் கொடுத்திருந்தார். அந்தத் தொகையில் 56 இலட்சத்துக்கு மேல் அவரும் மனைவியும் அனுபவித்த காசு. வேறு குற்றங்களும் சேர்த்து 2021இல் அவருக்கு 12 வருடச் சிறை விதித்தார்கள்.

இங்கே இலங்கையில் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலறியும் சட்டத்தில் தமிழிலேயே எழுதுங்கள், பதிவுத் தபாலில். ‘ஏன் அமர்த்தினீர்கள்’ என்று கேட்டால் சர்வதேச உறவைக் காட்டி மறுக்க வழியுண்டு. கொடுப்பனவுத் திகதி, தொகை, வவுச்சர் பிரதி என்று மட்டும் கேளுங்கள். 14 வேலை நாளில் முடிவு வரவேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன்பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழு.