மாமரத்தடிக்கு ஹோஸ்டா வாங்கலாமா?

கேள்வி: வீட்டின் வடக்குப் பக்கம் மாமரத்தடியில் வெயிலே விழாத ஒரு துண்டு இடம் இருக்கிறது. நிழலில் வளரும் அகல இலை அழகுச் செடியான ஹோஸ்டாவில், பச்சை இலையில் வெள்ளைக் கரை போட்ட ‘பேட்ரியாட்’ ரகத்தின் விதையை ஆன்லைனில் 199 ரூபாய்க்குப் பார்த்தேன். வாங்கலாமா? என் தங்கை வாங்கிப் போட்டதில் ஏதோ கீரை மாதிரி முளைத்திருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?
- வாசகி, திருநகர், மதுரை

பதில்: வாங்காதீர்கள். அந்த வெள்ளைக் கரை விதை வழியாக இறங்காது. அசல் ‘பேட்ரியாட்’ செடியிலிருந்தே விதை எடுத்துப் போட்டாலும் பெரும்பாலும் வெறும் பச்சை இலைதான் வரும். தூரைப் பிரித்து நடவேண்டும், அல்லது திசு வளர்ப்புக் கன்றாக (ஆய்வகத்தில் தாய்ச்செடியின் துணுக்கிலிருந்து வளர்த்தது) வாங்கவேண்டும். அந்தப் பெயரில் விதை விற்கிறார்கள் என்றாலே சரக்கு வேறு. அதே பக்கத்தில் வானவில் நிற ஹோஸ்டா என்று போலிப் படமும் இருந்திருக்குமே?

சரி, நல்ல தூரே கிடைத்தால்? அது ஜப்பான், கொரியா, சீனப் பக்கத்துச் செடி. குளிர்காலத்தில் இலையெல்லாம் பட்டுப்போய், தூர் மட்டும் மண்ணுக்குள் உறங்கும். 5 டிகிரியை ஒட்டிய குளிர் சில வாரமாவது கிடைத்தால்தான் அடுத்த துளிர் வலுவாக வரும். நம் ஊரில் மார்கழி விடியற்காலையிலேயே 20 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கிறது. நிழல் மட்டும் கொடுத்து என்ன செய்ய? வருஷத்துக்கு வருஷம் இலை சிறுத்துக்கொண்டே போகும்.

உங்கள் இடத்துக்கு அக்லோனிமா என்ற நிழல் தாங்கும் அழகு இலைச் செடி போதும், வருஷம் முழுக்க நிற்கும். ஹோஸ்டா மாதிரியே அகல இலை வேண்டுமென்றால், சேம்பு குடும்பத்துக் கிழங்குச் செடியான கலேடியத்தில் வெள்ளை ரகம். அதுவும் வறண்ட மாதங்களில் இலையை உதிர்க்கும், செத்துவிட்டது என்று கிழங்கைத் தோண்டி எறிந்துவிடாதீர்கள். இரண்டையுமே குழந்தைகள் வாயில் வைக்கக் கூடாது, நாக்கு எரிந்து வீங்கும். நர்சரியில் வாங்கும்போது கவரை விலக்கி வேரைப் பாருங்கள். வெளியூர்ச் செடிகள் பல கெட்டியான களிமண் உருண்டையோடு வரும். காய்ந்தால் அது கல்லாகிவிடும், மேலே ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்துவிடும். ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, மண்ணைப் பக்குவமாக உதிர்த்துவிட்டு நடுங்கள்.

தங்கையின் பணத்துக்கு வழி இருக்கிறது. விளம்பரத்தில் சொன்னது ஒன்று, வந்தது வேறு என்றால், பணம் தர முடியாது என்று விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். விளம்பரப் பக்கத்தை அவர்கள் நீக்குவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பில், முளைத்த செடியின் படம் இரண்டையும் சேர்த்து அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதட்டும். 48 மணி நேரத்தில் புகார் வந்து சேர்ந்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்த்துவைக்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.